பாட்டு வகுப்பு டேப்லெட்டில் 27 ஜிபி இடம் கிடைத்தது எப்படி

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. என் மாணவி ஒருத்தி, பிளஸ் ஒன் படிக்கிறவள், பைரவி அட தாள வர்ணத்தை முதல் தடவையாகத் தடுமாறாமல் பாடிக்கொண்டிருந்தாள். முதல் பாதியின் கடைசியில் வரும் முக்தாயி ஸ்வரத்தை இரண்டு காலத்திலும் முடித்துவிட்டு சரணத்துக்குள் நுழைகிறாள், மேசைமேல் அதைப் பதிந்துகொண்டிருந்த டேப்பில் சிவப்பு வட்டம் தானாக அணைந்தது. சேமிக்க இடமில்லை என்று ஒரு வரி. அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடியதால் கவனிக்கவில்லை. நான் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். முடித்ததும் முதல் கேள்வி, "டீச்சர், பதிஞ்சுதா?"

"பாதிதான் பதிஞ்சுது கண்ணா. நாளைக்கு இன்னொரு தடவை பாடு" என்றேன். மறுநாள் பாடினாள், நன்றாகவே பாடினாள். ஆனாலும் அந்த முதல் தடவை போனது போனதுதான். அன்றிரவே உட்கார்ந்து டேப்பைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். இரண்டு இரவுகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயின. 0.7 ஜிபி காலி இடம் 27 ஜிபி ஆனது. மதிப்புள்ள ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை. எப்படிச் செய்தேன் என்று படிப்படியாக எழுதுகிறேன். என்னைப் போல டேப்பை வேலைக் கருவியாக வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

டேப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப், 64 ஜிபி. 2020 ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. வகுப்புக்கென்று தனி சிம் போட்டிருப்பதால் பெற்றோர் குழு வாட்ஸ்அப் முழுக்க அதில்தான். சுருதி அதில்தான் போடுகிறேன், ஸ்வரக் குறிப்புகள் பிடிஎஃப் ஆக அதில்தான் இருக்கின்றன, பிள்ளைகள் பாடுவதைப் பதிவதும் அதில்தான். கும்பகோணத்தில் என் வீட்டு ஹாலில் தம்புரா ஒரு மூலையில் உறையோடு நிற்க, வேலை முழுவதும் இந்தப் பலகை மேல்தான் நடக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2022இல் இதே டேப் மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தேன். "ரீசெட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஓடும் மேடம்" என்றார்கள். சரி என்றேன். புதுசு மாதிரிதான் வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லாமல். எனக்குச் சொல்லிக்கொடுத்த மாமி, திருச்சியில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிக்காட்டியதைப் பதிந்து வைத்திருந்தேன். மொத்தம் பதினேழு பதிவுகள். தம்பியின் லேப்டாப்பில் நகல் இருந்த ஆறு மட்டும் திரும்பின. பதினொன்று போய்விட்டன. மாமி அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார்.

அன்றிலிருந்து எதை அழிக்கும் முன்பும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: இது இந்த டேப்பைத் தவிர வேறெங்காவது இருக்கிறதா? இருக்கிறதென்றால் தாராளமாக அழிக்கலாம், மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நகல் எடுக்காமல் விரலை வைக்கக் கூடாது. கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

முதலில் பார்ப்பது, அப்புறம்தான் அழிப்பது

செட்டிங்ஸ் போய் ஸ்டோரேஜ் என்பதைத் திறங்கள். சில டேப்களில் அது டிவைஸ் கேர் என்பதற்குள் இருக்கும். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். நான் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டேன்: சிஸ்டம் 15, ஆப்கள் 18, வீடியோ 16, படங்கள் 6, ஆடியோ 5, பிடிஎஃப் முதலியவை 3. மீதி ஒரு ஜிபிகூட இல்லை. சிஸ்டம் என்பதில் கை வைக்க முடியாது, அதை விட்டுவிடுங்கள். டப்பாவில் 64 என்று போட்டிருந்தாலும் சில திரைகளில் 59 சொச்சம் என்றுதான் காட்டும். அது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், சில மென்பொருள்கள் 1024இன் மடங்கில் எண்ணுகின்றன.

எழுதிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவானது. வகுப்புப் பதிவுகளால்தான் டேப் நிரம்பியது என்று நினைத்திருந்தேன். ஆப்கள் 18 ஜிபியைச் சாப்பிட்டிருந்தன. நான் வைத்திருப்பவை முப்பதுக்கும் குறைவான ஆப்கள், விளையாட்டு எதுவும் கிடையாது. அப்படியென்றால் ஆப்களுக்குள் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி எழுதிக்கொள்ளாமல் ஆரம்பித்திருந்தால் கேலரியைத் திறந்து பிள்ளைகளின் விஜயதசமிப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்திருப்பேன். ஒரு படம் 3 அல்லது 4 எம்பி. நூறு படம் அழித்தாலும் அரை ஜிபி தேறாது.

டேப் முழுக்க நிரம்பினால் ஏன் மெதுவாகிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதைச் சிலேட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: எழுதும்போது எழுத்து எழுத்தாக எழுதலாம், அழிக்கும்போது முழுச் சிலேட்டையும் துடைத்தால்தான் முடியும். பாதிச் சிலேட்டில் வேண்டிய வரி இருந்தால் அதை முதலில் வேறு சிலேட்டில் எழுதிக்கொண்டு அப்புறம்தான் இதைத் துடைக்க வேண்டும். காலிச் சிலேட்டே கையில் இல்லாதபோது இந்த மாற்றி எழுதும் வேலைக்கே நேரம் போய்விடுகிறது. அதனால் பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். 64 ஜிபி டேப்பில் 6 அல்லது 7 ஜிபி.

நகல்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. எனக்கு ஒரு ஞாயிறு காலை முழுவதும் இதற்கே போனது, போனால் போகட்டும்.

யுஎஸ்பி வயரால் டேப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். மேலிருந்து திரையை இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்ற வேண்டும். அப்படி ஒரு அறிவிப்பே வரவில்லை என்றால் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர்கள் உண்டு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் டேப்பிலேயே நேராகச் செருகக்கூடிய ஓடிஜி பென்டிரைவ் மூலமும் செய்யலாம். பழைய பென்டிரைவ் என்றால் அது ஃபேட்32 முறையில் இருக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏற்கும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் செய்வதற்கு முன் அந்தப் பென்டிரைவில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும் செய்யுங்கள். நடுவில் வயர் ஆடினால் கட் செய்த கோப்பு அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போக வாய்ப்புண்டு. காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா, மொத்த அளவு ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் நாலைந்தைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். ஆரம்பம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, பாதியில் அறுந்த கோப்பும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் பாடும்.

எந்தெந்த ஃபோல்டர்? கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம், டவுன்லோட், ரெக்கார்டர் ஆப் சேமிக்கும் ஃபோல்டர், வாட்ஸ்அப் மீடியா. கடைசி இரண்டும் எளிதில் கண்ணில் படாது. ரெக்கார்டர் ஆப்கள் சில, பதிவுகளைப் பொதுவான இடத்தில் வைக்காமல் தங்களுடைய சொந்த ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்ளும். அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் பதிவுகளும் கூடவே போய்விடும். உங்கள் ரெக்கார்டர் எங்கே சேமிக்கிறது என்று அதன் செட்டிங்ஸில் பாருங்கள். புரியவில்லையென்றால் ஒவ்வொரு பதிவையும் ஷேர் கொடுத்து டிரைவுக்கோ மெயிலுக்கோ அனுப்பிவிடுங்கள். நேரம் பிடிக்கும்தான்.

வாட்ஸ்அப் கோப்புகள் புதிய ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் கிடைக்கும். அங்கே வாய்ஸ் நோட்ஸ் என்று தனி ஃபோல்டர். உள்ளே வாரம் வாரமாகப் பிரித்து ஓபஸ் என்று முடியும் கோப்புகள். ரீசெட்டில் மாமியின் பதிவுகள் போனபோதும் இவை மட்டும் திரும்பி வந்தன, ஏனென்றால் வாட்ஸ்அப் கூகுள் கணக்கில் எடுத்து வைத்த பேக்கப்பில் இவை இருந்தன. தோடி ராகத்தில் காந்தாரத்தை நான் தட்டையாகப் பிடிக்கிறேன் என்று திருத்தி மாமி அனுப்பிய நாற்பது விநாடிக் குறிப்பு ஒன்று உண்டு. பின்னணியில் குக்கர் விசில். அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன், கால் எம்பிகூட இல்லை. டேப்பில் எனக்கு எல்லாவற்றையும்விட வேண்டிய பொருள்தான் எல்லாவற்றையும்விடக் குறைவாக இடம் பிடித்துக்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று வாய்ஸ் நோட்டை யாரும் அழிக்கவே வேண்டாம். அங்கே தேறுவது ஒன்றுமில்லை.

நகல் இரண்டு இடத்தில் இருக்கட்டும். என்னுடையது ஒன்று வீட்டு ஹார்ட்டிஸ்கில், இன்னொன்று தம்பி வீட்டில்.

இனி அழிக்கலாம்

நகல் முடிந்ததும் மனசு லேசாகிவிடும், கை தயங்காது. வலிக்காத இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் குப்பைத் தொட்டி. கேலரியில் நீங்கள் அழித்த படமும் வீடியோவும் உடனே போவதில்லை. ட்ராஷ் அல்லது பின் என்ற இடத்தில் பெரும்பாலும் 30 நாள் கிடக்கும், அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைல் மேனேஜருக்கும் தனியாக ஒரு ட்ராஷ் இருக்கலாம். நான் முந்தின வாரம் பொறுமையாக உட்கார்ந்து அழித்த வீடியோக்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன, 2.3 ஜிபி. ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் காலி செய்தேன்.

அடுத்து ஆப்களுக்குள் இருப்பது. செட்டிங்ஸில் ஆப்ஸ் போய் அளவின்படி வரிசைப்படுத்தினால் பெரியது மேலே வரும். என் டேப்பில் மேலே நின்றது யூடியூப். கோடை விடுமுறைக்கு வந்த தம்பி பையன் ரயிலில் பார்க்க டவுன்லோட் செய்த கார்ட்டூன்கள், அவன் ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகியும் 4.1 ஜிபி பிடித்துக்கொண்டு இருந்தன. யூடியூபுக்குள் டவுன்லோட்ஸ் பகுதியில் அழித்துவிடலாம். சினிமா, பாட்டு ஆப்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், உள்ளே டவுன்லோட்ஸ் என்று ஒன்று இருக்கும். இணையத்தில் எப்போதும் கிடைப்பது, மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

டெலிகிராம் 3.6 ஜிபி. கச்சேரிப் பதிவுகள் பகிரும் இரண்டு குழுக்களில் இருக்கிறேன். டெலிகிராமில் உரையாடலும் கோப்பும் அவர்களுடைய சர்வரிலேயே இருக்கின்றன, டேப்பில் இருப்பது நாம் ஒருமுறை திறந்ததால் வந்து தங்கிய நகல். செட்டிங்ஸ், டேட்டா அண்ட் ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் யூசேஜ் என்று போய்க் கேஷை அழித்தால் இடம் திரும்பும். எப்போது வேண்டுமானாலும் மறுபடி தொட்டு இறக்கலாம், அனுப்பியவரே அதை நீக்கியிருந்தால் மட்டும் கிடைக்காது. அதே திரையில், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஒரு வாரம் என்று வைத்துவிட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிளியர் கேஷ் ஒன்று, கிளியர் ஸ்டோரேஜ் அல்லது கிளியர் டேட்டா இன்னொன்று. முதலாவது அந்த ஆப் தன் வசதிக்காகத் தற்காலிகமாக வைத்துக்கொண்டதை மட்டும் நீக்கும், பயமில்லை. இரண்டாவது அந்த ஆப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்த நிலைக்கே கொண்டுபோய்விடும். லாகின் போகும், உள்ளே சேமித்தவை போகும். அவசரத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்துவிட்டுத் தொடுங்கள். கேஷ் திரும்ப நிரம்பிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைத் தினமும் துடைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

பல மாதமாகத் தொடாத ஆப்களை எடுத்துவிடலாம். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ் போனால் ஒரே இடத்தில் பலவற்றைத் தேர்ந்து நீக்கலாம். ‘சுத்தம் செய்து வேகமாக்கும்’ என்று விளம்பரம் வரும் கிளீனர் ஆப்களை மட்டும் போடாதீர்கள். அவையே இடம் பிடிக்கும், விளம்பரம் காட்டும், எதை அழிக்கிறோம் என்ற முடிவை நம் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும். உதவிக்கு ஒன்று வேண்டுமென்றால் ஃபைல்ஸ் பை கூகுள் போதும். பெரிய கோப்புகளையும் ஒரே கோப்பின் இரட்டை நகல்களையும் காட்டும். ஒரே வர்ணத்தின் ஸ்வரக் குறிப்பை நான் ஐந்து தடவை டவுன்லோட் செய்திருப்பதை அதுதான் எனக்குக் காட்டியது.

வாட்ஸ்அப்

இதற்கு ஓர் இரவு முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் குழு, சபா குழு, தெருக் குழு, பள்ளித் தோழிகள் குழு. காலை வணக்கத்தில் தொடங்கி இரவு வணக்கம் வரை வருகிற எல்லாமே டேப்பில் இறங்கிக் கிடக்கும்.

செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். மேலே 5 எம்பிக்குப் பெரியவை ஒரு கட்டில், பலமுறை ஃபார்வர்டு ஆனவை இன்னொரு கட்டில், கீழே எந்த உரையாடல் எவ்வளவு என்று பெரியதிலிருந்து சிறியது வரை. பலமுறை ஃபார்வர்டு ஆனதை யோசிக்காமல் எல்லாவற்றையும் தேர்ந்து அழித்தேன். பத்துப் பேர் கையில் இருக்கும் வீடியோ என் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பெரியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் அதற்குள் பிள்ளைகள் பயிற்சி செய்து அனுப்பிய வீடியோக்களும் இருந்தன. வாட்ஸ்அப்பில் ஒருமுறை அழித்த பழைய வீடியோவை டெலிகிராம் மாதிரி சர்வரிலிருந்து திரும்ப இறக்க முடியாது, அனுப்பியவரிடமே மறுபடி கேட்க வேண்டும். என் கேள்விக்கு இங்கேதான் பதில் மாறுகிறது.

பலருக்கும் தெரியாத இடம் சென்ட் என்ற ஃபோல்டர். நீங்கள் ஒரு வீடியோவை யாருக்காவது அனுப்பினால், சுருக்கிய நகல் ஒன்று வாட்ஸ்அப் வீடியோ ஃபோல்டருக்குள் சென்ட் என்ற உள்ஃபோல்டரில் தங்கிவிடும். மூலம் கேலரியில், நகல் இங்கே. நான் வருடக்கணக்காகப் பெற்றோருக்கு அனுப்பியதெல்லாம் அதில் குவிந்திருந்தது. மூலம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு ஃபைல் மேனேஜர் வழியாகப் போய் அழித்தேன். அழித்தபின் அந்த உரையாடலில் வீடியோ திறக்காது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் மொத்தம் 4.2 ஜிபி கிடைத்தது.

இதை முடித்த கையோடு அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோட் என்பதைத் திறந்து, மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். வாய்ஸ் நோட்டுகள் எப்போதும் போலத் தானாகவே வரும்.

படங்கள், கூகுள் போட்டோஸ்

2021 ஜூன் 1 வரை கூகுள் போட்டோஸில் ஓரளவு சுருக்கிய படங்களை எல்லையில்லாமல் இலவசமாக ஏற்ற முடிந்தது. அதற்குப் பின் ஏற்றுவதெல்லாம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத் தரும் 15 ஜிபியில் கழியும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது.

பேக்கப் முடிந்த படங்களை டேப்பிலிருந்து மட்டும் எடுக்க, போட்டோஸ் ஆப்பில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதைக் கொடுங்கள். ஏற்கெனவே மேலே ஏறிவிட்டவை மட்டும் டேப்பிலிருந்து நீங்கும். ஆப்பில் எப்போதும் போலத் தெரியும், திறக்க இணையம் வேண்டும். ஆனால் அதே ஆப்பில் ஒரு படத்தைத் திறந்து குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் டேப்பிலும் போகும், கூகுளிலும் போகும், அதே கணக்கு இருக்கும் உங்கள் போனிலும் போகும். என் மாணவியின் அம்மா ஒருவர், மேலேதான் ஏறிவிட்டதே என்று நினைத்து இப்படித்தான் மகளின் அரங்கேற்றப் படங்களை அழித்துவிட்டார். நல்லவேளை, மறுவாரமே என்னிடம் சொன்னார். பேக்கப் ஆன படங்கள் பின்னில் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதவை 30 நாள். எல்லாவற்றையும் மீட்டுக்கொடுத்தோம்.

இசைக்காரர்களுக்கு இன்னொன்று. போட்டோஸ் படத்தையும் வீடியோவையும் மட்டும்தான் ஏற்றும், ஆடியோவை ஏற்றாது. பேக்கப் ஆன் செய்திருக்கிறேன் என்ற நம்பிக்கையில் பாட்டுப் பதிவுகளை விட்டுவிடாதீர்கள். 2022இல் நான் நம்பியது அதைத்தான்.

வகுப்புப் பதிவுகள்

இதுவரை குப்பை. இனி வருவது என் சொந்த வேலை, அதனால் நிதானமாகச் செய்தேன்.

ரெக்கார்டரின் தரத்தை உயர்ந்தது என்று வைத்திருந்தேன், அது சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்துகொண்டிருந்தது. சிடி தரத்தில் ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்பி. அதையே சுருக்கிய எம்4ஏ கோப்பாக 128 கேபிபிஎஸ் வைத்துப் பதிந்தால் 58 எம்பி. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாடம் கேட்டுப் பயிற்சி செய்வதற்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தம்புராவோடு ஒரு குரல் பாடுவதை ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆறேகால் மணி நேர வேவ் பதிவுகள் 4 ஜிபி இருந்தன. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் மாற்றி, சின்னதை மட்டும் டேப்புக்குத் திருப்பி அனுப்பியதில் 3.6 ஜிபி மிச்சம். சுருக்கியதை மறுபடி பழைய தரத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் மாமியின் ஆறு பதிவுகளின் மூல வேவ் ஹார்ட்டிஸ்கில் தொடாமல் இருக்கிறது. டேப்பில் இருப்பது கேட்பதற்கான நகல்.

வீடியோதான் பெரும்பசிக்காரன். 1080பி தரத்தில் ஒரு நிமிடம் சுமார் 130 எம்பி வரை போகும், ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 600 எம்பியைத் தாண்டிவிடும். என்னிடம் இருந்தவை 8.5 ஜிபி. நகல் இருந்ததால் டேப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கேமரா செட்டிங்ஸில் 720பி என்று மாற்றியதில் இப்போது ஏறக்குறைய பாதிதான் ஆகிறது. வாய் அசைவும் தாளம் போடும் கையும் அதிலேயே தெளிவாகத் தெரிகின்றன, நமக்கு வேண்டியது அதுதான். ஸ்ருதி சுத்தம் பார்க்க மட்டும் என்றால் வீடியோவே வேண்டாம், ஆடியோ போதும்.

மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு 512 ஜிபி என்று கிடைப்பவற்றில் போலிகள் உண்டு. உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும், அளவை மட்டும் பொய்யாகக் காட்டும், நிரம்பியபின் எழுதுவதெல்லாம் பாழ். வாங்கியதும் முழுக்க நிரப்பி, கோப்புகளைத் திறந்து பார்த்துச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கார்டைச் செருகும்போது டேப், இன்டர்னல் ஸ்டோரேஜாகவா போர்ட்டபிளாகவா என்று கேட்டால் பதிவுகளுக்குப் போர்ட்டபிள் என்றே சொல்லுங்கள். இன்டர்னல் என்று சொன்னால் அந்தக் கார்டு அந்த டேப்பில் மட்டுமே திறக்கும், டேப் கெட்டால் கார்டும் பயனில்லை. கேமரா, ரெக்கார்டர் இரண்டின் செட்டிங்ஸிலும் சேமிக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்றலாம். ஆனால் கார்டு நகல் ஆகாது, அதுவும் கெடும் பொருள்தான்.

ஐபேட் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் போக வேண்டும். அங்கே ஆப்பை ஆஃப்லோட் செய்தால் ஆப் மட்டும் போகும், அதன் தகவல்கள் இருக்கும். டெலீட் ஆப் என்றால் இரண்டும் போகும். ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருந்தால் ஐபேடில் அழித்த படம் ஐபோனிலும் அழியும். ரீசென்ட்லி டெலீடட் ஆல்பத்தைக் காலி செய்தால்தான் இடம் உடனே கிடைக்கும்.

எல்லாம் முடித்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து நோட்டில் எழுதினேன். குப்பைத் தொட்டி 2.3, யூடியூப் 4.1, டெலிகிராம் 3.6, வாட்ஸ்அப் 4.2, ஆடியோ 3.6, வீடியோ 8.5. முன்பிருந்த 0.7ஐச் சேர்த்தால் 27. கூகுள் போட்டோஸில் ஃப்ரீ அப் ஸ்பேஸ் நான் கொடுக்கவில்லை. வகுப்பில் இணையம் இல்லாத நேரத்திலும் பழைய படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குகிறேன். புதுப் பதிவுகளை நகலெடுத்து, எண்ணிக்கை சரிபார்த்து, ட்ராஷைக் காலி செய்து, நோட்டில் தேதி போட்டு ஒரு வரி. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மூன்று வரிகள் ஏறிவிட்டன. சரஸ்வதி பூஜையன்று தம்புராவுக்கும் புத்தகங்களுக்கும் பக்கத்தில் இந்த டேப்பையும் துடைத்துப் பொட்டு வைத்து வைத்தோம். மறுநாள் விஜயதசமி. அதே பெண் பைரவி வர்ணத்தை முதலிலிருந்து கடைசி வரை பாடினாள். சரணத்தோடு வரும் எத்துக்கடை ஸ்வரங்களில் கடைசியும் முடிந்து சரண வரியை எடுத்து நிறுத்தும் வரை சிவப்பு வட்டம் எரிந்துகொண்டே இருந்தது.